இருபத்திரண்டு மஞ்சள் பேட்டரிகள்

எனக்கு வாய் அதிகம். குவாயாகில் நகரத்தின் தெற்கே, மீன் சந்தைக்குப் போகிற சாலையில் எட்டு வருஷமாக மின்சிகரெட் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வந்து திட்டு வாங்காமல் போனவர் யாரும் கிடையாது. பேட்டரியைச் சில்லறைக் காசோடு சட்டைப் பையில் போட்டு வருகிறவன், மேலுறை கிழிந்த பேட்டரியை “இன்னும் ஓடுதே” என்று நீட்டுகிறவன், தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறவன், எல்லோருக்கும் உண்டு. “நர்சிசாகிட்ட காட்டாத, கடிச்சுக் குதறிடுவா” என்று வாசலில் நின்று பேசிக்கொள்வார்கள். எனக்குக் காதில் விழும். உள்ளூரப் பெருமையாகக்கூட இருக்கும்.

திட்டுவதில் அர்த்தம் இருந்தது. கட்டை விரலைவிடக் கொஞ்சம் நீளமான அந்த இரும்புக் குழாய்க்குள் இருப்பது விளையாட்டுச் சாமான் இல்லை. அதன் உடம்பு முழுக்க ஒரு முனை, உச்சியில் இருக்கிற பொட்டு இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிசான பிளாஸ்டிக் உறையும் ஒரு காகித வளையமும்தான். உறை கிழிந்தால் ஆபத்து, கீழே விழுந்து நசுங்கினால் அதைவிட ஆபத்து. நசுங்கியதை வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே என்ன கிழிந்திருக்கிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்படி ஒன்று வந்தால் நான் பேசவே மாட்டேன். வாங்கி மணல் டப்பாவில் போட்டுவிடுவேன். “போச்சு, புதுசு வாங்கு” என்பேன். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. மலைப்பக்கத்து அணைகளில் தண்ணீர் இல்லாமல், ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு முறைவைத்து மின்சாரத்தை வெட்டினார்கள். பகலில் நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். எந்த நாலு மணி நேரம் என்பதும் அன்றன்றைக்குக் காலையில் வரும் செய்தியைப் பொறுத்தது. என் கடை இருக்கிற வரிசைக்கு மட்டும் கொஞ்சம் நல்ல நேரம் கிடைத்தது. அதனால் பக்கத்துத் தெருக்காரர்கள் பேட்டரிகளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சார்ஜ் ஏறியதும் வாங்கிப் போனார்கள். வேறு இடத்தில் கொடுத்தால் எவன் கண் வைத்துப் பார்த்துக்கொள்வான்? நான் நாற்காலி போட்டு சார்ஜர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். மின்சாரம் வந்ததும் பாய்ந்து செருக மாட்டேன், ஏற்ற இறக்கம் அடங்கப் பத்து நிமிஷம் விட்டுத்தான் போடுவேன். இரண்டு பேட்டரி போடுகிற கருவி என்றால் அந்த இரண்டும் எப்போதும் ஒன்றாகவே சார்ஜ் ஆகவேண்டும், ஒன்றாகவே தீரவேண்டும். அதற்காக ஒவ்வொரு ஜோடியின் உறை மேலும் எண் எழுதி வைத்திருப்பேன்.

நவம்பரில் எங்கள் ஊர் மஞ்சள் அணிக்கும் நீல அணிக்கும் பெரிய கால்பந்து ஆட்டம் வந்தது. அந்த ஆட்டம் வந்தால் எங்கள் பக்கத்தில் நாய்க்குக்கூட மஞ்சள் சட்டை போடுவார்கள். பேட்டரிக்கு மஞ்சள் உறை மாற்றித் தரச் சொல்லி வாடிக்கையாளர்கள் வாட்ஸப் குழுவில் ஒரே தொல்லை. பதினொரு பேர், ஆளுக்கு ஒரு ஜோடி. பழைய உறையைக் கிழித்துவிட்டுப் புது உறையை மாட்டி, முடி உலர்த்தும் கருவியால் சூடான காற்று ஊதினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சின்ன வேலைதான். சரி என்றேன்.

அந்தப் பதினொரு பேரில் வில்பிரிடோ யகுவால் ஒருவர். ஐம்பத்தைந்து வயசு. தள்ளுவண்டியில் கருஞ்சிப்பி வியாபாரம். இடது கையில் சிப்பியைப் பிடித்து, வலது கைக் கத்தியால் ஒரு திருகு. வாயைத் திறந்ததும் எலுமிச்சை, வெங்காயம், உப்பு போட்டுக் கிண்ணத்தில் நீட்டுவார். நிமிஷத்துக்கு இருபது சிப்பி திறப்பார், கையைப் பார்க்கவே மாட்டார். நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவரை மின்சிகரெட்டுக்கு மாற்றியது நான்தான். என்னைப் ‘போலீஸ்காரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை தனிப் பேட்டரியைக் காற்சட்டைப் பையில் டாலர் காசுகளோடு போட்டுக்கொண்டு வந்தார். படம் எடுத்துக் குழுவில் போட்டு, “இந்த அண்ணனுக்கு வறுத்த தொடை வேணுமாம்” என்று எழுதினேன். ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார். மறுநாளே வந்து பேட்டரி வைக்கிற பெட்டி வாங்கினார். நான் ஆபத்து என்று சொன்ன எதையும் அவர் தட்டி நான் பார்த்ததில்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. மின்சாரம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை என்று செய்தி. அதற்குள் காற்று ஊதி, சார்ஜ் ஏற்றி, திருப்பிக் கொடுக்கவேண்டும். அதனால் உறை கிழிக்கிற வேலையைக் காலையிலேயே முடித்துவிடலாம் என்று உள் அறையில் உட்கார்ந்தேன். அங்கே சன்னல் இல்லை. போனை ஒரு டப்பா மேல் சாய்த்து அதன் வெளிச்சத்தில் வேலை. இருபத்திரண்டையும் உரித்து, ஜோடி ஜோடியாகத் தட்டில் நிற்க வைத்தேன். எண்கள் எல்லாம் பழைய உறையோடு குப்பைக் கூடைக்குப் போய்விட்டன. தட்டில் நிற்கிற வரிசைதான் கணக்கு.

எழுந்தபோது முழங்கை பட்டுத் தட்டு கவிழ்ந்தது.

சிமெண்டுத் தரையில் இருபத்திரண்டும் உருண்டு ஓடிய சத்தம் இருக்கிறதே, அதை வேறு எவனாவது என் முன்னால் செய்திருந்தால் அவனை நான் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். மண்டியிட்டுத் தடவித் தடவிப் பொறுக்கினேன். ஒவ்வொன்றையும் போன் வெளிச்சத்தில் உருட்டி, நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் அடிப்பக்கம், விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, மிளகு அளவுக்கு ஒரு பள்ளம். அதை மேஜை ஓரத்தில் தனியாக வைத்தேன், மணல் டப்பாவில் போட. யாருடையது என்று தெரியாது. யாருடையதோடு யாருடையது ஜோடி என்பதும் போய்விட்டது. எல்லாவற்றையும் அப்போதே நிறுத்தியிருக்கவேண்டும். அதுதான் என் கடையின் சட்டம். ஆனால் மணி பதினொன்றரை.

அந்த நேரம் பார்த்து வெளியே ஷட்டரைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாளாம். அவளோடு பத்து நிமிஷம். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவசர அவசரமாகக் காகித வளையம், மஞ்சள் உறை, வளையம், உறை என்று மாட்டித் தள்ளினேன். கடைசியில் எண்ணினேன். இருபத்திரண்டு சரியாக இருந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பன்னிரண்டுக்கு மின்சாரம் வந்தது. காற்று ஊதினேன், பத்து நிமிஷம் காத்திருந்து சார்ஜரில் போட்டேன். ஒன்று மட்டும் கையில் எடுத்தபோது கொஞ்சம் அதிகமாகச் சுட்டது. மின்விசிறி இல்லாத அறை, வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றிலிருந்து நாலுக்குள் பதினொரு பேரும் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். வில்பிரிடோ, “நாளைக்கு நீலக்காரனுங்க மூஞ்சில மஞ்சப் புகைதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு மின்சாரம் போனது. மணல் டப்பாவை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனேன். மேஜை ஓரத்தில் ஒன்றுமில்லை. தரையில் தேடினேன். ஒன்றுமில்லை. பிறகுதான் உறைத்தது. பள்ளம் விழுந்ததைத் தனியே எடுத்து வைத்தபிறகு இருபத்தொன்றுதானே இருந்திருக்கவேண்டும்? இருபத்திரண்டு எப்படி வந்தது? நானே என் கையால் அதற்கும் மஞ்சள் சட்டை மாட்டி, சார்ஜ் ஏற்றி, யாரிடமோ கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் போன் கோபுரமும் செத்துவிடும். உடனே குழுவில் எழுதினேன்: ‘யாரும் மஞ்சள் பேட்டரியைத் தொடாதீர்கள், அதில் ஒன்று அடிபட்டது, என் தப்பு.’ எழுதிவிட்டு அனுப்பாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் குழுவில் நூற்றுமுப்பது பேர். அதில் என்னிடம் மானம் போகத் திட்டு வாங்கியவர்கள் பாதிப் பேர். இரண்டு தெரு தள்ளிப் புதிதாகக் கடை போட்டவனும் அதில் இருக்கிறான். அவர்கள் எல்லோரும் என்ன எழுதுவார்கள் என்று ஒவ்வொரு வரியாக என் கண் முன்னால் ஓடியது. அழித்தேன். அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘ஆட்டத்தை முன்னிட்டு நர்சிசா கடையின் பரிசு! மஞ்சள் பேட்டரியைக் கொண்டு வந்து காட்டுகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் பெட்டி இலவசம். இன்றே வாருங்கள்.’ கீழே ஒரு மஞ்சள் இதயமும் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அன்று இருட்டுவதற்குள் ஆறு பேர் வந்தார்கள். மறுநாள் காலை பதினொன்றுக்குள் இன்னும் நாலு பேர். “உறை சரியா சுருங்கல, மாத்தித் தர்றேன்” என்று சொல்லிக் கத்தியால் கீறி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். இருபதும் பழுதில்லை. ஒவ்வொன்றும் பழுதில்லாமல் இருக்க இருக்க, வராதவர்களை விரல் விட்டு எண்ணினேன். கடைசியில் மிச்சம் ஒரே ஒரு ஆள்.

வில்பிரிடோவுக்குப் போன் போட்டேன். முந்தின சாயங்காலம் போன் போகாமல் அவர் வண்டி நிற்கிற இடத்துக்கும் போயிருந்தேன், அவர் கிளம்பிவிட்டிருந்தார். வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. இப்போது மணி அடித்தது, எடுத்தார். கையெல்லாம் சிப்பித் தண்ணீராக இருக்கும், ஒலிபெருக்கியில்தான் போட்டிருந்தார். பின்னால் அவர் மனைவி எல்சி வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டது. என் கடைக்குள் அந்த நேரம் நாலு பேர் இலவசப் பெட்டியை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அண்ணே, பெட்டி வாங்க வரலையா?” என்றேன்.

“நாளைக்கு வர்றேன் போலீஸ்காரம்மா. இன்னைக்கு மைதானத்து வாசல்ல வண்டி போடணும். பொட்டி எங்க ஓடிப் போகுது?”

நாக்கு நுனியில் இருந்தது. அண்ணே, அதைக் கழற்றி வெளியே மண்ணில் வை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த நாலு பேரில் ஒருத்தன், சார்ஜரை அணைக்காமல் வெளியே போனான் என்று போன மாதம் நான் கழுதை என்று திட்டியவன். அவன் முகத்தைப் பார்த்தேன்.

“சரி அண்ணே. அதுவரைக்கும் கொஞ்சம் கம்மியா இழு” என்றேன். அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அரை மணி நேரம் கடையில் நின்றேன். என்ன செய்தேன் என்று கேட்டால் தெரியாது. யாரோ சில்லறை கேட்டார்கள், தப்பாகக் கொடுத்தேன். பிறகு ஷட்டரை இழுத்துவிட்டு ஒரு மோட்டார் சைக்கிள்காரன் பின்னால் ஏறி மைதானத்துக்குப் போகச் சொன்னேன். மறுபடியும் போட்டால் போன் போகவில்லை. ஆட்டத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தும் சாலை முழுக்க மஞ்சள் கொடி, டிரம், நடக்க இடமில்லை. மூன்று தெருவுக்கு முன்னாலேயே இறங்கி ஓடினேன். நாற்பத்துநாலு வயசில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு, செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுவிட்டது. அதைப் பார்க்கவும் இல்லை.

வடக்கு வாசல் பக்கம் அவர் வண்டி நின்றது. வண்டியில் யாரும் இல்லை. எலுமிச்சம்பழங்கள் தரையில் கிடந்தன, பாதி திறந்த சிப்பி ஒன்று பலகை மேல் இருந்தது. அவர் மின்சிகரெட்டின் ஒரு தகடு வளைந்து கறுப்பாக வண்டிக் கூரையில் குத்தி நின்றது. பக்கத்தில் வாழைக்காய்ச் சிப்ஸ் விற்கிற பெண் சொன்னாள், கால் மணி நேரம் ஆச்சாம். கையிலிருந்ததை வாய்க்குக் கொண்டு போனாராம். முதலில் ஊதல் மாதிரி ஒரு சத்தம், உடனே பட்டாசு மாதிரி வெடித்ததாம். காவல்காரர்களின் வண்டியில்தான் தூக்கிப் போனார்களாம். அவள் சொல்லிக்கொண்டே தரையில் கிடந்த எலுமிச்சையைப் பொறுக்கி வண்டியில் வைத்தாள். நானும் குனிந்து பொறுக்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இடது கையில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் போய்விட்டன. கன்னமும் காதும் வெந்திருந்தன. கண் தப்பித்தது. டாக்டர்கள் அதையே பெரிய அதிர்ஷ்டம் என்றார்கள். சிப்பியைப் பிடிக்கிற கை அது. கத்தி பிடிக்கிற வலது கை முழுசாக இருந்து என்ன பிரயோஜனம்?

நாலாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குள் விட்டார்கள். அந்த நாலு நாளும் நான் கடை திறக்கவில்லை. குழுவில் ஆளாளுக்கு எழுதினார்கள், ‘நர்சிசா சொன்னதைக் கேட்கவேண்டும், இப்படி அலட்சியமாக இருந்தால் இதுதான் கதி’ என்று. ஒருத்தன் என் பழைய எச்சரிக்கைகளையெல்லாம் தேடி எடுத்து மறுபடி போட்டான். நூறு பேர் கைகூப்புகிற படம் போட்டார்கள். நான் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன்.

கட்டிலில் அவர் சின்னதாகத் தெரிந்தார். எல்சி ஸ்பூனால் சூப் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், வெட்கப்பட்டவர் மாதிரி.

“திட்டாத போலீஸ்காரம்மா” என்றார். வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது. “தப்பு எம்மேலதான். வண்டில வெயில்ல வெச்சே பவர் பேங்கு மாட்டி சார்ஜ் ஏத்துனேன். நீ எத்தன தடவ சொல்லியிருக்க, வெயில்ல ஏத்தாத, பாக்காம விடாதன்னு. கேட்டாத்தானே.”

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு கவிழ்ந்தது, பள்ளம், இருபத்திரண்டு, பரிசு என்று எழுதியது, போனில் சொல்லாமல் விட்டது. ஒன்றையும் விடவில்லை. நடுவில் அழுதேன். சொல்லி முடித்ததும் அவர் நல்ல கையை நீட்டி என் கையைத் தட்டினார்.

“என்னத் தேத்துறதுக்காகப் பழிய உம்மேல போட்டுக்காத. நீ அப்படிச் செய்யிற ஆளா? உன்ன எனக்குத் தெரியாதா?”

“நெசமாத்தான் அண்ணே. சாமி சத்தியமா நான்தான்.”

“சரி சரி, நீதான்” என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். அவர் என்னை நம்பவே இல்லை. எட்டு வருஷமாக நான் கட்டிவைத்த பெயர் அப்படி.

எல்சி நம்பினாள். அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். என் பின்னாலேயே நடைக்கு வந்தாள். சுவரோரமாக நின்றோம். அவள் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

“சனிக்கிழம காலையில போன் பண்ணியே, அது இதுக்குத்தானா?”

“ஆமா.”

“நான் பக்கத்துலதான் இருந்தேன். போன வெச்சப்புறம், நீ கூப்பிட்டியேன்னு போறேன்னுதான் சொன்னாரு. பத்து நிமிஷத்துல போய்ட்டு வந்துடறேன்னு சட்டைகூட மாட்டினாரு.” அவள் மேலங்கியின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். “நான்தான் நிறுத்துனேன். ஒரு பிளாஸ்டிக் பொட்டிக்காக யாவாரத்த விட்டுட்டு அலையாதீங்க, நாளைக்கு வாங்கிக்கலாம்னேன். ஆபத்துன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கைக்கத்தியக் கீழ போட்டுட்டு நானே ஓடியாந்து குடுத்திருப்பேன், நர்சிசா.”

ஊரையே பேசி அடக்குகிற வாயில் அவள் பெயர் மட்டும்தான் வந்தது.

“எல்சி” என்றேன்.

“இனிமே நானும் இதத் தூக்கிக்கிட்டுத்தான திரியணும்” என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். பிறகு உள்ளே போய், ஆறிப்போன சூப்பை எடுத்து மறுபடி அவருக்குக் கொடுக்க ஆரம்பித்தாள்.